புதிய சாம்பா சர்வரும் பழைய விண்டோஸும்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

லினக்ஸ் சர்வரிலிருந்து விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புகளைப் பகிரும் மென்பொருள்தான் சாம்பா. அந்தச் சர்வரைப் புதுப்பித்த பிறகு அலுவலகத்தின் விண்டோஸ் 10 கணினிகள் எல்லாம் வழக்கம்போல் கோப்புகளைத் திறக்கின்றன. மூலையில் இருக்கும் ஒரே ஒரு விண்டோஸ் எக்ஸ்பி மட்டும் சர்வரோடு பேச மறுக்கிறது. அந்த எக்ஸ்பியைத் தூக்கிப் போடவும் முடியாது. லேத் இயந்திரத்தையோ ஆய்வகக் கருவியையோ ஓட்டும் மென்பொருள் அதில்தான் இருக்கும். கருவிக்கான டிரைவர் புதிய விண்டோஸுக்கு வந்தே இருக்காது. இப்படிப்பட்ட கணினியைப் பராமரிக்கும் பொறுப்பு யாருக்கெல்லாம் இருக்கிறதோ அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்தப் பிரச்சினைக்குப் பலரும் கைகாட்டும் தீர்வு ஒன்றுதான்: சாம்பாவின் அமைப்புக் கோப்பில் நாலைந்து வரிகளைச் சேர்த்து, பாதுகாப்பை மொத்தமாகத் தளர்த்திவிடுவது. அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கணினிக்காக எல்லோருடைய கோப்புகளுக்கும் இருக்கும் பூட்டைக் கழற்றுவது தவறு, அதற்குத் தேவையும் இல்லை. இணைப்பு எந்தக் கட்டத்தில் அறுந்துபோகிறது என்று தெரிந்துகொண்டால் அந்தக் கட்டத்தை மட்டும் சரிசெய்யலாம். முதலில் பெயர், அடுத்து போர்ட், அடுத்து எந்த நெறிமுறையில் பேசுவது என்ற பேச்சுவார்த்தை, அப்புறம் கடவுச்சொல், கடைசியில் கோப்பு. இணைப்பு எப்போதும் இந்த வரிசையில்தான் நடக்கும். ஒன்றைத் திருத்திய பிறகும் வேலை செய்யவில்லை, ஆனால் பிழைச் செய்தி மாறியிருக்கிறது என்றால் ஒரு கட்டம் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். செய்த திருத்தத்தை அழித்துவிடாதீர்கள்.

ஒரு சின்னக் குறிப்பு. அமைப்பு வரிகளையும் கட்டளைகளையும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் கொடுங்கள்.

எதையும் தொடும் முன்

சர்வரில் உள்ள சாம்பா பதிப்பைப் பாருங்கள். சாம்பாவின் முக்கிய நிரலான எஸ்எம்பிடி கட்டளைக்கு வெர்ஷன் கேட்டால் சொல்லிவிடும். இரண்டு பதிப்புகளை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். 2016 செப்டம்பரில் வந்த 4.5, பழைய என்டிஎல்எம் முதல் பதிப்புக் கடவுச்சொல் முறையை இயல்பாகவே மறுக்கத் தொடங்கியது. 2019 செப்டம்பரில் வந்த 4.11, எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதல் பதிப்பான எஸ்எம்பி1-ஐயே இயல்பாக அணைத்துவிட்டது. உபுண்டு 18.04-இல் இருந்தது 4.7, 20.04 வெளிவந்தபோது இருந்தது 4.11. டெபியன் 10-இல் 4.9, டெபியன் 11-இல் 4.13. இப்படி ஒரு தாவல் தாவியவர்களுக்குத்தான் மறுநாளே புகார் வருகிறது.

எதிர்ப்பக்கம் யார் என்ன பேசுவார்கள் என்பதும் தெரிய வேண்டும். விண்டோஸ் 95, 98, 2000, எக்ஸ்பி ஆகியவற்றுக்கு எஸ்எம்பி1 மட்டுமே தெரியும். விஸ்டா எஸ்எம்பி 2.0 பேசும், விண்டோஸ் 7 2.1 பேசும், விண்டோஸ் 8 3.0 பேசும், விண்டோஸ் 10 3.1.1 பேசும். ஆக எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் நடுவில்தான் பெரிய பள்ளம். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் எஸ்எம்பி1-ஐத் திறக்கவே வேண்டாம்.

அடுத்து, லாக், அதாவது நடப்பதைச் சர்வர் எழுதிவைக்கும் பதிவு. லாக் லெவல் 3 என்று வையுங்கள். லாக் கோப்பின் பெயரில் கணினியின் பெயரைக் குறிக்கும் சதவீதக் குறி சிறிய எம் போடுவதுதான் பழைய வழக்கம். 445 போர்ட் வழியாக வரும் கணினிகள் தங்கள் நெட்பயாஸ் பெயரை (பழைய விண்டோஸ் நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் பெயர்) சொல்வதில்லை என்பதால் அது சரிவராது. அதற்குப் பதில் ஐபி முகவரியைத் தரும் சதவீதக் குறி பெரிய ஐ போடுங்கள். ஒவ்வொரு கணினிக்கும் தனிக்கோப்பு கிடைக்கும். எக்ஸ்பி என்ன கேட்டது, சர்வர் என்ன பதில் சொன்னது என்று வரி வரியாகப் படிக்கலாம். வேலை முடிந்ததும் லெவலைப் பழையபடி குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் லாக் வட்டை நிரப்பிவிடும்.

பழைய கணினியின் பக்கம், எக்ஸ்ப்ளோரரில் சொடுக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு கமாண்ட் ப்ராம்ப்டில் நெட் யூஸ் கட்டளையை, சர்வரின் பெயருக்குப் பதில் ஐபி முகவரியோடு கொடுங்கள். பிழை எண்ணோடு பதில் வரும். கீழே உள்ளதில் எங்கே தேட வேண்டும் என்பதை அந்த எண்ணே காட்டிவிடும்.

அறிகுறி: பிழை 53, நெட்வொர்க் பாதையே கிடைக்கவில்லை

இது பெரும்பாலும் பெயர் அல்லது போர்ட் சம்பந்தப்பட்டது. ஐபி முகவரி கொடுத்தால் திறக்கிறது, பெயர் கொடுத்தால் திறக்கவில்லை என்றால் நெட்பயாஸ் பக்கம் பாருங்கள். இந்தப் பெயர்களைக் கவனிக்கும் சாம்பா சேவையான என்எம்பிடி சர்வரில் ஓடுகிறதா? ஃபயர்வாலில் யுடிபி 137, 138 திறந்திருக்கின்றனவா? சர்வரின் பெயர் 15 எழுத்துக்குள் இருக்கிறதா? நெட்பயாஸ் பெயர் அதற்கு மேல் நீளாது.

ஐபி கொடுத்தாலும் 53 வந்தால் டிசிபி 445-ஐயும் 139-ஐயும் பாருங்கள். விண்டோஸ் 2000, எக்ஸ்பி, அவற்றுக்குப் பிறகு வந்தவை 445-இல் வரும். விண்டோஸ் 98-க்கு 139 மட்டுமே தெரியும். சர்வரில் யாராவது டிஸேபிள் நெட்பயாஸ் = யெஸ் என்று போட்டிருந்தால் எக்ஸ்பி தப்பித்துவிடும், 98 மாட்டிக்கொள்ளும். மிகப் பழைய 95 கணினிகளில் நெட்பியூஐ என்ற பழைய நெட்வொர்க் நெறிமுறை மட்டும் நிறுவியிருப்பார்கள். சாம்பா டிசிபி/ஐபி மேல்தான் பேசும் என்பதால் அந்தக் கணினியில் டிசிபி/ஐபியைச் சேர்த்தாக வேண்டும்.

அறிகுறி: பிழை 64, அந்த நெட்வொர்க் பெயர் இப்போது இல்லை

பிங் போகிறது, போர்ட் திறந்திருக்கிறது, ஆனால் கடவுச்சொல் கேட்கும் முன்பே இணைப்பு அறுகிறது. இது நெறிமுறைப் பேச்சுவார்த்தை தோற்றதன் அடையாளம். லாக்கில் ரிக்வெஸ்டட் ப்ரோட்டோகால் என்று வரிசையாகச் சில பெயர்கள் இருக்கும். அதில் கடைசிப் பெயர் என்டி எல்எம் 0.12. எக்ஸ்பிக்குத் தெரிந்த உச்சம் அதுதான். அதற்குக் கீழே நோ ப்ரோட்டோகால் சப்போர்டட் என்று சர்வர் எழுதியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்குச் சர்வர் பக்கம் ஒரே வழி, அமைப்புக் கோப்பின் க்ளோபல் பகுதியில் சர்வர் மின் ப்ரோட்டோகால் = என்டி1 என்று போட்டு எஸ்எம்பிடியை மறுதொடக்கம் செய்வது. லான்மேன்1 என்று இன்னும் கீழே இறக்க எக்ஸ்பிக்கோ 98-க்கோ அவசியம் இல்லை. வரியைச் சேர்த்தும் பலன் இல்லை என்றால் அமைப்புக் கோப்பைச் சரிபார்க்கும் டெஸ்ட்பார்ம் கட்டளையை மைனஸ் வி சேர்த்து ஓட்டி, அந்த வரி உண்மையில் ஏற்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாம்பா 4.17-இலிருந்து எஸ்எம்பி1 சர்வர் பகுதியே இல்லாமல் தொகுக்க முடியும். அப்படித் தொகுத்த பொதியில் எந்த வரி போட்டாலும் எக்ஸ்பி நுழையாது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த அமைப்பு சர்வர் முழுமைக்கும் பொதுவானது. ஒரு ஷேருக்கு (பகிர்ந்த கோப்புறைக்கு) மட்டும், ஒரு பயனருக்கு மட்டும் என்று என்டி1-ஐத் திறக்க சாம்பாவில் வழி இல்லை. அதனால் சோதனைக்காகப் போட்டு, காரணம் இதுதான் என்று உறுதியானதும் எடுத்துவிடுங்கள். நிரந்தர ஏற்பாட்டைக் கடைசியில் சொல்கிறேன்.

அறிகுறி: பிழை 1326, கடவுச்சொல் தவறு என்கிறது, ஆனால் அது சரியானதுதான்

மக்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். பயனர் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்வார், நீங்கள் சர்வரில் கடவுச்சொல்லை மாற்றித் தருவீர்கள், புதியதும் தவறு என்றே வரும். தட்டச்சில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கடவுச்சொல்லை எக்ஸ்பி அனுப்பும் முறையைத்தான் சர்வர் மறுக்கிறது. மறுத்ததற்கான காரணத்தைச் சொல்லாமல் தவறான கடவுச்சொல் என்று மட்டும் பதில் அனுப்புகிறது. லாக்கைத் திறந்தால் என்டிஎல்எம்வி1 பாஸ்வேர்ட்ஸ் நாட் பெர்மிட்டட் என்று பயனர் பெயரோடு இருக்கும்.

இந்த இடத்தில் பலர் சர்வரில் என்டிஎல்எம் ஆத் = யெஸ் என்று போட்டுவிடுகிறார்கள். வேண்டாம். என்டிஎல்எம் இரண்டாம் பதிப்பு எக்ஸ்பிக்கு நன்றாகவே தெரியும். இயல்பில் அதை அனுப்புவதில்லை, அவ்வளவுதான். எக்ஸ்பியின் பக்கம் ஒரு மதிப்பை மாற்றினால் போதும். ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், எல்எஸ்ஏ என்று உள்ளே போங்கள். எல்எம் கம்பேட்டிபிலிட்டி லெவல் என்ற மதிப்பு 0 என்று இருக்கும். அதை 3 ஆக்கிக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பெயரை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகவே எழுத வேண்டும். எக்ஸ்பி ப்ரொஃபெஷனல் என்றால் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் லான் மேனேஜர் ஆதென்டிகேஷன் லெவல் என்ற இடத்திலும் இதையே மாற்றலாம். ஹோம் பதிப்பில் அந்த வசதி கிடையாது, ரெஜிஸ்ட்ரிதான். விஸ்டா முதல் இந்த மதிப்பு இயல்பாகவே 3 என்பதால் அவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

பக்கத்தில் நிற்கும் இரண்டு பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். 1219 வந்தால் அதே சர்வருக்கு வேறொரு பயனர் பெயரில் ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது. நெட் யூஸ் கட்டளையில் நட்சத்திரக் குறியும் டெலீட்டும் கொடுத்து எல்லாவற்றையும் துண்டித்துவிட்டு மறுபடி முயலுங்கள். டொமைனில் சேர்ந்த எக்ஸ்பி திங்கட்கிழமை காலைகளில் மட்டும் உள்ளே விடாவிட்டால் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்திருக்கும். டொமைனில் பயனரைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை இயல்பாக 5 நிமிடத்துக்கு மேல் நேர வித்தியாசத்தை ஏற்காது.

அறிகுறி: விண்டோஸ் 98 பயனர் பெயரே கேட்காமல் ஐபிசி டாலருக்குக் கடவுச்சொல் கேட்கிறது

98 தனி உலகம். ஐபிசி டாலர் என்பது இணைப்பைத் தொடங்க விண்டோஸ் பயன்படுத்தும் உள் ஷேரின் பெயர். சர்வருக்கு வேறு பயனர் பெயர் கொடுக்க அதில் இடமே இல்லை. விண்டோஸில் நுழையும்போது கொடுத்த பெயரைத்தான் அனுப்பும். அந்தப் பெயரில் சாம்பாவில் பயனர் இல்லையென்றால் ஐபிசி டாலர் என்று போட்டுக் கடவுச்சொல் கேட்டுக்கொண்டே இருக்கும், எதைக் கொடுத்தாலும் ஏற்காது. ஆகவே சாம்பாவில் உள்ள அதே பெயரில் 98-இல் லாக் ஆன் செய்ய வேண்டும்.

பெயர் சரியாகியும் நுழையவில்லை என்றால் லாக்கில் லான்மேன் பாஸ்வேர்ட்ஸ் நாட் பெர்மிட்டட் என்று இருக்கும். இந்த லான்மேன் முறை மிகவும் பலவீனமானது. கடவுச்சொல்லை முழுக்கப் பெரிய எழுத்தாக்கி, 14 எழுத்தோடு நிறுத்தி, ஏழேழாக வெட்டிச் சேமிக்கிறது. இன்றைய சாதாரணக் கணினியே அதை உடைத்துவிடும். எனவே சர்வரில் அதைத் திறக்காமல், விண்டோஸ் 2000 சர்வர் குறுவட்டில் இருக்கும் டைரக்டரி சர்வீசஸ் க்ளையன்ட்டை 98-இல் நிறுவுங்கள். அதன் பிறகு 98-இன் ரெஜிஸ்ட்ரியில் எல்எஸ்ஏ கிளையில் எல்எம் கம்பேட்டிபிலிட்டி என்ற மதிப்பை (இதுவும் ஒரே சொல்) 3 ஆக்கினால் 98-க்கும் என்டிஎல்எம் இரண்டாம் பதிப்பு வந்துவிடும்.

அந்தக் குறுவட்டு கிடைக்கவே இல்லை என்றால்தான் லான்மேன் ஆத் = யெஸ். போட்ட பிறகும் உள்ளே விடாவிட்டால் வியப்பில்லை. அந்த அமைப்பு அணைந்திருந்த காலத்தில் வைத்த கடவுச்சொல்லுக்கு லான்மேன் ஹாஷ் (அந்த முறையில் மாற்றி எழுதிய வடிவம்) சேமிக்கப்பட்டிருக்காது. எஸ்எம்பிபாஸ்வேர்ட் கட்டளையால் கடவுச்சொல்லை மறுபடி வையுங்கள். இந்தப் பயனருக்கு வேறெங்கும் பயன்படுத்தாத தனிக் கடவுச்சொல்லாக இருக்கட்டும். சாம்பாவை ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கண்ட்ரோலராக ஓட்டுபவர்களுக்கு இந்த வழியும் இல்லை; 4.17-இல் லான்மேனை அங்கே அடியோடு நீக்கிவிட்டார்கள்.

ஷேர் பெயர் 12 எழுத்தைத் தாண்டினாலும் 98-க்குச் சிக்கல். டெஸ்ட்பார்ம் இதை எச்சரிக்கையாகவே சொல்லும்.

அறிகுறி: விண்டோஸ் 7 மட்டும் நுழையவில்லை

சர்வரை யாரோ அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார்கள். சர்வர் மின் ப்ரோட்டோகாலில் எஸ்எம்பி3 என்று இருக்கிறதா பாருங்கள். எஸ்எம்பி2_10 ஆக்கினால் போதும். ஆயத்தமாகக் கிடைக்கும் சேமிப்புப் பெட்டிகளிலும் இதே தேர்வு அமைப்புப் பட்டியலில் இருக்கும். எஸ்எம்பி என்கிரிப்ட் கட்டாயம் என்று இருந்தாலும் இதே கதைதான், குறியாக்கம் எஸ்எம்பி3-இல்தான் வந்தது. நல்ல வேளையாகக் குறியாக்கத்தை ஷேருக்கு ஷேர் தனித்தனியாக அமைக்கலாம். கட்டாயத்தை க்ளோபல் பகுதியிலிருந்து எடுத்துவிட்டு, விண்டோஸ் 7 தொடாத ஷேர்களில் மட்டும் வையுங்கள்.

அறிகுறி: நெட்வொர்க் சன்னலில் சர்வர் தெரியவில்லை, முகவரி கொடுத்தால் திறக்கிறது

பழைய கணினிகளில் இது என்எம்பிடி வேலை, மேலே 53-இல் சொன்னதேதான். விண்டோஸ் 10-இல் தெரியவில்லை என்றால் காரணம் வேறு. 2017 அக்டோபரில் வந்த 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. பழைய கம்ப்யூட்டர் ப்ரவுசர் சேவை அதை நம்பித்தான் இருந்தது. அதற்காக விண்டோஸ் 10-இல் எஸ்எம்பி1-ஐ மறுபடி நிறுவச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். சர்வரில் டபிள்யூஎஸ்டிடி என்ற சிறு நிரலை ஓட்டினால் சன்னலில் சர்வர் தோன்றிவிடும்.

அறிகுறி: கோப்பு திறக்கிறது, ஆனால் பழைய கணக்கு மென்பொருள் குழப்புகிறது

ஃபாக்ஸ்ப்ரோ, கிளிப்பர், டிபேஸ் காலத்து மென்பொருள்கள் ஒரே டிபிஎஃப் கோப்பைப் பலர் சேர்ந்து திறப்பதை நம்பி எழுதப்பட்டவை. இன்டெக்ஸ் கெட்டுப்போகிறது, ஒருவர் சேர்த்த பதிவு மற்றவருக்குத் தெரியவில்லை என்றால் முதல் சந்தேகம் ஆப்லாக்ஸ் மேல். கோப்பின் பகுதிகளைக் கணினி தன்னிடமே வைத்துக்கொண்டு வேலை செய்ய சர்வர் தரும் அனுமதி அது. வேகத்துக்கு நல்லது, பகிர்ந்த தரவுக்கோப்புக்கு ஆபத்து. ஷேர் முழுக்க அணைக்க வேண்டியதில்லை. வீட்டோ ஆப்லாக் ஃபைல்ஸ் என்ற அமைப்பில் டிபிஎஃப், சிடிஎக்ஸ், என்டிஎக்ஸ் போன்ற நீட்சிகளை மட்டும் எழுதுங்கள்.

அதன் பிறகும் ஒரு விசித்திரம் மிஞ்சலாம். எக்ஸ்பி எழுதிய கோப்பு விண்டோஸ் 7-க்குச் சில விநாடிகள் கழித்துத்தான் தெரிகிறது. கோப்பு வந்துவிட்டதா என்று நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டிருக்கும் மென்பொருள் இதில் தடுமாறும். விஸ்டாவிலிருந்து எஸ்எம்பி2 க்ளையன்ட், கோப்பின் விவரங்களையும் கோப்புறைப் பட்டியலையும் 10 விநாடி, இல்லாத கோப்பு இல்லை என்ற பதிலை 5 விநாடி நினைவில் வைத்துக்கொள்கிறது. விண்டோஸ் 7-இன் ரெஜிஸ்ட்ரியில் லான்மேன் வொர்க்ஸ்டேஷன் சேவையின் பாராமீட்டர்ஸ் கிளையில் ஃபைல்இன்ஃபோ கேஷ் லைஃப்டைம், டைரக்டரி கேஷ் லைஃப்டைம், ஃபைல்நாட்ஃபவுண்ட் கேஷ் லைஃப்டைம் என்ற மூன்றையும் 0 ஆக்கினால் உடனுக்குடன் தெரியும். இதற்கு எஸ்எம்பி1-க்குத் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. திரும்பிவிட்டவர்கள் பலர், அதனால்தான் சொல்கிறேன்.

வட்டில் இடம் இல்லை என்று பழைய மென்பொருள் அடம்பிடித்தால், இடம் அளவுக்கு அதிகமாக இருப்பதே காரணமாக இருக்கலாம். டெராபைட் கணக்கை அந்தக் காலத்து நிரல் தப்பாக எண்ணுகிறது. மேக்ஸ் டிஸ்க் சைஸ் = 1000 என்று வைத்தால் சாம்பா 1000 மெகாபைட் வட்டு போலத் தன்னைக் காட்டிக்கொள்ளும்; உண்மையில் எழுதக்கூடிய அளவை அது குறைப்பதில்லை.

அறிகுறி: தமிழ்க் கோப்புப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன

எக்ஸ்பியில் இது சர்வரின் தவறு இல்லை. எக்ஸ்பி யூனிகோடில்தான் பெயரைப் பெறுகிறது. ரீஜனல் அண்ட் லேங்குவேஜ் ஆப்ஷன்ஸில் லேங்குவேஜஸ் பிரிவுக்குப் போய் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் கோப்புகளை நிறுவும் பெட்டியில் டிக் செய்யுங்கள். எக்ஸ்பி குறுவட்டு கேட்கும், கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

98-இல் இதற்குத் தீர்வு இல்லை. அது டாஸ் கோட்பேஜ் வழியாகத்தான் பெயரை வாங்கும்; தமிழுக்கென்று அப்படி ஒரு கோட்பேஜ் கிடையாது. 98 தொடும் கோப்புறைகளில் மட்டும் பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

அறிகுறி: லினக்ஸிலிருந்து எக்ஸ்பியின் ஷேரை மவுண்ட் செய்தால் பிழை 112, ஹோஸ்ட் இஸ் டவுன்

எக்ஸ்பி உயிரோடுதான் இருக்கிறது. 2017-இல் வந்த 4.13 கர்னலிலிருந்து விண்டோஸ் ஷேரை லினக்ஸில் இணைக்கும் சிஐஎஃப்எஸ் மவுண்ட் எஸ்எம்பி1-ஐ இயல்பாகப் பேசுவதில்லை. மவுண்ட் கட்டளையில் வெர்ஸ்=1.0 சேருங்கள். எஸ்எம்பிக்ளையன்ட் கட்டளைக்கு க்ளையன்ட் மின் ப்ரோட்டோகால் = என்டி1 வேண்டும். இது வெளியே போகும் இணைப்புக்கு மட்டுமானது, சர்வரின் கதவைத் திறப்பதில்லை.

நிரந்தர ஏற்பாடு: நடுவில் ஒரு பெட்டி

2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல், விண்டோஸின் எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்திருந்தும், மைக்ரோசாஃப்ட் அதற்காகத் தனித் திருத்தம் வெளியிட்டது. அதன் எண் கேபி4012598. உங்கள் எக்ஸ்பியில் அது இல்லையென்றால் முதலில் அதை நிறுவுங்கள். அதே மே மாதம் சாம்பாவிலும் 3.5 முதலான பதிப்புகளைத் தொட்ட வேறொரு பெரிய ஓட்டை வெளியானது. ஆகவே பழைய கணினிக்காகப் பழைய சாம்பாவையே புதுப்பிக்காமல் வைத்திருப்பதும் தீர்வு ஆகாது.

நான் பரிந்துரைப்பது இதுதான். இரண்டு நெட்வொர்க் போர்ட் உள்ள சின்னக் கணினி ஒன்றில் புதிய லினக்ஸ், புதிய சாம்பா நிறுவுங்கள். ஒரு போர்ட் அலுவலக நெட்வொர்க்குக்கு. மற்றது எக்ஸ்பி மட்டும் இருக்கும் தனி ஸ்விட்சுக்கு. என்டி1 இந்தப் பெட்டியில் மட்டும் திறந்திருக்கட்டும். இன்டர்ஃபேசஸ் அமைப்பில் எக்ஸ்பி பக்கப் போர்ட்டை மட்டும் எழுதி, பைண்ட் இன்டர்ஃபேசஸ் ஒன்லி = யெஸ் போடுங்கள். ஹோஸ்ட்ஸ் அலோவில் எக்ஸ்பியின் முகவரி மட்டும். ஐபி ஃபார்வர்டிங் அணைந்திருக்க வேண்டும், எக்ஸ்பியில் டீஃபால்ட் கேட்வே காலியாக இருக்க வேண்டும். எக்ஸ்பி தானாக எதையும் பகிரவில்லை என்றால் அதன் நெட்வொர்க் கார்டில் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

பெட்டியில் இரண்டு கோப்புறை போதும். எக்ஸ்பி எழுதும் கோப்புறை ஒன்று, எக்ஸ்பி படிக்க மட்டும் முடிகிற கோப்புறை ஒன்று. பெரிய சர்வருக்கும் இந்தப் பெட்டிக்கும் நடுவில் எஸ்எம்பி 3.1.1 வழியாகவோ ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் வழியாகவோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை நகலெடுக்கலாம். பலர் சேர்ந்து திறக்கும் டிபிஎஃப் தரவுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. அந்த மென்பொருளின் தரவை இந்தப் பெட்டியிலேயே வைத்து, அதைப் பயன்படுத்தும் கணினிகளை எல்லாம் ஒரே பக்கம் கொண்டுவர வேண்டும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் இரண்டு இடத்திலும் இப்போதுள்ள இணைப்புகளைக் காட்டும் எஸ்எம்பிஸ்டேட்டஸ் கட்டளையை ஓட்டுங்கள். நெறிமுறை நெடுவரிசையில், பெட்டியில் என்டி1 என்று எக்ஸ்பி மட்டும் தெரிய வேண்டும். பெரிய சர்வரில் அந்தச் சொல்லே வரக்கூடாது. வந்தால், சோதனைக்காகச் சேர்த்த வரி அங்கே இன்னும் கிடக்கிறது என்று பொருள்.